ஒரே தண்டின் கீழ்

1962ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இருபதாம் திகதி, பெரிய வெள்ளிக்கிழமை. காற்று அடியோடு ஓய்ந்து, திருக்கோணமலைத் துறைமுகத்தின் நீர் தகடுபோலக் கிடந்தது. வெய்யில் மண்டையைப் பிளந்தது. அதனினும் கடுமையாகப் பஸ்தியாம்பிள்ளையின் நெஞ்சு எரிந்துகொண்டிருந்தது.

காரணம் இதுதான். முந்திய நாள் நிலாவெளிக் கரையில் உலரப்போட்டிருந்த அவருடைய கரைவலையின் மடியை யாரோ கத்தியால் நெடுகக் கிழித்திருந்தார்கள். மீன் வந்து சேரும் பை அது. அஃதின்றேல் வலை வெறுங்கயிறு. மீன் வாங்க வந்த கிண்ணியா வியாபாரி அபூதாஹிர், கிழித்தவனைக் கண்ணாரக் கண்டிருந்தார்.

"உங்கட பக்கத்து வலைக்காரன் இன்னாசித்தம்பிதான், அண்ணன். கத்தியை இடுப்பில செருகிக்கொண்டு போனதையும் பார்த்தனான்."

அக்கணமே பஸ்தியாம்பிள்ளை அவனுடைய பற்களை உதிர்த்திருப்பார். ஆனால், தவக்காலத்தில் ஒருவனுக்குக் கைநீட்டியவன் பெரிய வெள்ளியன்று ஆசந்தியைச் சுமக்கக்கூடாது என்பது அவ்வூர்க் கத்தோலிக்கக் கோயில் மீனவரின் கட்டுப்பாடு. மரித்த ஆண்டவரின் சொரூபத்தைக் கிடத்திய அப்பாடையை, தகப்பனாருக்குப் பின் அவரே சுமந்து வந்தார்.

"அந்தப் பேயனோட கொழுவிப்போடாதேங்கோ. இவ்வளவு நாளும் ஒருசந்தி பிடிச்சது வீணாய்ப் போயிடும்," என்றாள் மனைவி எலிசம்மா.

"பசியை அடக்கலாமடி. இதை அடக்கத்தான் ஏலாமக் கிடக்கு!"

மாலையில் பவனி புறப்பட்டது. பாடையின் முன்தண்டைச் சுமக்க ஒரே உயரமுள்ள இருவர் வேண்டும். அவ்வூரில் பஸ்தியாம்பிள்ளையின் உயரத்துக்கு ஒருவனே இருந்தான்: இன்னாசித்தம்பி.

ஒரே தண்டு, இரண்டு தோள்கள். சனங்கள் ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் பசாம் பாடி அழுதுகொண்டு வர, இன்னாசித்தம்பி உதடு அசையாமல் கேட்டான்:

"என்ன மச்சான், தையல் வேலை முடிஞ்சுதோ?"

பஸ்தியாம்பிள்ளை பல்லைக் கடித்தார்.

"ரோசம் இல்லையோ? இல்லாட்டிப் பயமோ?"

தோளைச் சற்றே தாழ்த்தினாற் போதும். பாரம் முழுவதும் அவனுடைய கழுத்தில் இறங்கும். கைநீட்டியதாக எவரும் சொல்ல முடியாது. இந்த எண்ணம் தேன்போல இனித்தது. ‘ஆண்டவரே, என்னை இவனிடமிருந்தல்ல, என்னிடமிருந்து காப்பாற்றும்’ என்று மனத்துள் இரைந்தார்.

கோயிலுக்கு ஏறும் சரளைப் பாதையில் இன்னாசித்தம்பியின் வெறுங்கால் சறுக்கியது. முழங்கால் நிலத்தில் அடிபட, தண்டு அவன் பிடரியை நோக்கிச் சரிந்தது. சொரூபம் ஒருபக்கம் சாய்ந்தது, பெண்கள் அலறினர். பஸ்தியாம்பிள்ளை விலகவில்லை. பாய்ந்து தண்டின் நடுவே புகுந்து, இரு தோள்களாலும் பாரத்தைத் தாங்கினார். சட்டை கிழிந்து தோளில் இரத்தம் கசிந்தது. அவன் எழுந்து தோள்கொடுக்கும்வரை அசையாது நின்றார்.

பீடத்தின் முன் ஆசந்தியை இறக்கியபின், கோயில் முற்றத்தில் இன்னாசித்தம்பி இளித்தான். "தாங்கச் சொல்லி நான் கேட்டனானோ?"

பஸ்தியாம்பிள்ளையின் முட்டி தானாக இறுகி உயர்ந்தது. அவர் அந்தக் கையை மற்றக் கையாற் பற்றி, முதுகுக்குப் பின்னே கொண்டுபோனார்.

"நீ கேக்கேல்லை. நான் தாங்கினது உன்னையில்லையடா, அவரை! நீ கிழிச்ச மடிக்குத் திங்கக்கிழமை கரையில, எல்லாருக்கும் முன்னால மறுமொழி சொல்லு. கண்ட சாட்சியும் வரும்."

சுமைகாரர் அனைவரும் இன்னாசித்தம்பியைத் திரும்பிப் பார்த்தனர். அவனுடைய இளிப்பு வற்றியது; தலை கவிழ்ந்தது.

பஸ்தியாம்பிள்ளையின் கோபம் தணிந்துவிடவில்லை. வீதியில் இறங்கி நடக்கையிலும் அது உள்ளே கனன்றது. ஆனால், அடிக்கவேண்டுமென்ற வெறி அவரை விட்டகன்றபோது மாலை ஆறு மணி நாற்பது நிமிடம்.