மாதம்மாள் பெயரில் வந்த சிலிண்டர்

வளைகுடாவில் சண்டை மூண்டு நாற்பது நாளாகியிருந்தது. கப்பல் வரவில்லை என்று முதலில் கடைகளுக்கான சிலிண்டரை நிறுத்தினார்கள். பிறகு வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு ஒன்றுதான் என்றார்கள். பாப்பிரெட்டிப்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடைகள் பாதி பூட்டிக் கிடந்தன. தேவிப்பிரியாவின் மெஸ் மட்டும் ஒருநாளும் அடைக்கவில்லை.

காரணம் சென்றாயன். கேஸ் ஏஜென்சியில் வீடு வீடாகச் சிலிண்டர் போடுகிறவன். வாரம் இரண்டு சிலிண்டரைச் சாக்கில் சுற்றி மெஸ்ஸின் பின்வாசலில் இறக்கிவிட்டு, நாலு பங்கு விலை வாங்கிப் போவான். யாருடையது என்று தேவிப்பிரியா கேட்டதில்லை. சித்தேரி மலையில் யாரோ வேண்டாமென்று விட்டதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கடையை மூடினால் வேலை செய்கிற நாலு பேர் வயிறு காயுமே, அதற்கு இது எவ்வளவோ மேல் என்றும் நினைத்துக்கொண்டாள்.

அந்த நாலு பேரில் ஒருத்தி பாத்திரம் கழுவும் மாதம்மாள். அவள் புருஷன் மாயவன் கல்குவாரியில் இருபது வருஷம் உழைத்து நெஞ்செல்லாம் தூசியாகிப் படுத்தவன். புகையே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் கேஸ் தீர்ந்ததும் மாதம்மாள் வாசலில் விறகு வைத்துப் பொங்கினாள். மழை பிடித்துக்கொண்டது, அடுப்பு அந்த ஒற்றை அறைக்குள் வந்தது.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. சிலிண்டர் பதிந்து கொடுத்ததே தேவிப்பிரியாதான். தினமும் வந்ததும் போனைக் கல்லா மேல் வைத்துவிட்டுத்தான் கழுவப் போவாள்.

"மெசேஜ் வந்தா சொல்லுங்கம்மா. அந்த நம்பரச் சொன்னாத்தான் சிலிண்டர் தருவாங்களாம்."

அந்தச் செவ்வாய்க்கிழமை சென்றாயன் வெறுங்கையோடு வந்தான்.

"அக்கா, இனிமே கஷ்டம். நம்பர் இல்லாம ஒரு சிலிண்டரும் வெளிய எடுக்க முடியல." குரலைத் தாழ்த்தினான். "வண்டியில ஒண்ணு இருக்குது. உங்க பாத்திரக்காரம்மா பேர்ல வந்தது."

அடுப்பில் அரிசி பாதி வெந்திருந்தது. தீ மஞ்சளாகித் தாழ்ந்துகொண்டே போனது. இன்னும் ஒரு மணி நேரத்தில் பந்தி. கல்லா மேல் கிடந்த போன் ஒளிர்ந்தது. பின்கட்டில் குண்டான் தேய்க்கும் சத்தம். தேவிப்பிரியா எண்களை ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"அடுத்த வாரம் எப்படியாச்சும் அவுங்களுக்கு ஒண்ணு குடுத்துரு."

"பாக்கலாங்க்கா."

மெசேஜை அழித்தாள். கை ஈரத்தைச் சேலையில் துடைத்தபடி மாதம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"வந்துச்சாம்மா?"

"இன்னும் வரலக்கா. சண்டை நடக்குதில்ல, லேட்டாவும்."

சொல்லும்போது நாக்குக் குழறும் என்று பயந்திருந்தாள். குழறவில்லை.

அடுத்த வாரம் பிறந்தும் சென்றாயன் மாதம்மாளுக்கு எதுவும் கொண்டுவரவில்லை. மாதம்மாள் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஒரு ஓரமா அவருக்குக் கஞ்சி மட்டும் வெச்சுக்கட்டுமாம்மா? பொகையில ரொம்ப இருமறாரு."

"உங்களுக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்கக்கா" என்றாள் தேவிப்பிரியா. கஞ்சிக்கு ஆகும் கேஸ் அவளுக்குப் பெரிதில்லை. அந்தச் சிலிண்டருக்குப் பக்கத்தில் மாதம்மாள் வந்து நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் மாதம்மாள் ஏஜென்சிக்கே போய்விட்டாள். பந்தி நேரத்தில் அங்கிருந்த மேனேஜரையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"போன வாரம் செவ்வாக்கெழம பதினோரு மணிக்கு நான் நம்பர் சொல்லி வாங்கிட்டனாம், பிளாக்குல வித்துட்டனாம். அந்நேரம் நான் இங்கதானே கழுவிக்கிட்டிருந்தன்? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கம்மா."

அப்போதும் அவள் தேவிப்பிரியாவைச் சாட்சியாகத்தான் நம்பி வந்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலைநிமிர்ந்தார்கள்.

"போன் அவுங்களுது. எனக்கென்னங்க தெரியும்?" என்ற தேவிப்பிரியா அதோடு நிறுத்தியிருக்கலாம். மேனேஜரின் பார்வை சமையல்கட்டுப் பக்கம் போனது. "மருந்துக்குக் காசு வேணும், யாராச்சும் சிலிண்டர் வாங்குவாங்களான்னு அவுங்களே எங்கிட்ட கேட்டாங்க."

மேனேஜர் அதை எழுதிக்கொண்டார். மாதம்மாளின் இணைப்பு அன்றே முடக்கப்பட்டது.

மாதம்மாள் அழவில்லை. தேவிப்பிரியாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். நிற்க நிற்க அவளுக்கு விளங்கியது. விளங்கிவிட்டது என்பது தேவிப்பிரியாவுக்கும் தெரிந்தது.

"அவரு மூச்சு வுட முடியாம கெடக்கறாரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மாயவன் செத்துப்போனான். தேவிப்பிரியா சாவு வீட்டுக்குப் போகவில்லை. ஒரு குண்டான் தக்காளிச் சோறு கொடுத்தனுப்பினாள். மூடி திறக்காமல் அது அப்படியே திரும்பி வந்தது.  வீணாக்குவானேன் என்று அதை மதியப் பந்தியில் போட்டாள். எல்லாம் தீர்ந்தது.

திங்கட்கிழமை பாத்திரம் கழுவ சென்னம்மாள் என்று ஒருத்தி வேலை கேட்டு வந்தாள். தேவிப்பிரியா அவளை உட்காரவைத்து டீ கொடுத்தாள். பிள்ளைகள் எத்தனை, எந்த ஊர் என்றெல்லாம் விசாரித்தாள்.

"வூட்டுல கேஸ் இருக்குதா? யாரு பேர்ல?" என்றாள்.