கரண்டியின் கைகள்

கண்ணிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே பறிகொடுத்துவிட்டு ஊர் திரும்பியபோது சார்ஜன்ட்டுக்கு முப்பத்திரண்டு வயது. ஊன்றுகோலோடு முதன்முதலாக ராணுவ ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போன அன்று, மூன்றாம் ஜன்னலில் இருந்தவர் பின்கட்டடத்துக்கு அனுப்பினார். பின்கட்டடத்தில் இருந்தவர் மறுபடி மூன்றாம் ஜன்னலுக்கே அனுப்பினார். நான்காவது தடவை படியேறும்போது குப்புற விழுந்தார். கைகொடுத்துத் தூக்கியவரும் ஒரு பழைய சிப்பாய்தான். எந்த ஜன்னலுக்குப் போவது என்று அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அன்று தொடங்கியதுதான். பதினெட்டு வருடங்களாக அவருக்கு வேறு வேலை கிடையாது. அக்காவின் தையல் கடையில், துணி வெட்டும் மேஜைக்குப் பின்னால், ஒரு நாற்காலியும் இரும்புப் பெட்டியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். காது போனவர்கள், விரல் போனவர்கள், தூக்கம் போனவர்கள் எல்லோரும் கோப்பும் கையுமாக அங்கே வந்தார்கள். மனு எழுதிக் கொடுப்பார். கூடவே போவார். எந்த டாக்டர் எந்தக் கிழமை வருவார், எந்த முத்திரை இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள், எந்த லிஃப்ட் வேலை செய்யாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

"ரெண்டு காலும் இருந்தப்பகூட நீ இவ்வளவு அலைஞ்சதில்லடா" என்பாள் அக்கா, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. கல்யாணப் பேச்சை அவள் விட்டுப் பல வருடமாகியிருந்தது.

அப்படி வந்தவர்களில் ஒருவன்தான் கரண்டி. பட்டாளத்தில் சமையல்காரன். பெயர் வேறு ஏதோ இருந்தது, மனைவியைத் தவிர யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகாமில் ஒரு மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது சமையல் கூடாரத்தின் மேல் குண்டு விழுந்தது. கூட வேலை செய்த மூன்று பேரும் போய்விட்டார்கள். கரண்டியின் உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்று முதல் இரண்டு கைகளும் உதறத் தொடங்கின. டீ கிளாஸை வாய்வரை கொண்டுபோக முடியாது. சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிட வேண்டும். எங்கேயாவது தட்டு விழுந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான்.

உதறலை அடக்கக் குடித்தான். ஊன ஓய்வூதியத்துக்காக முதல் தடவை மருத்துவக் குழு முன்னால் போனபோது வாயில் வாடை அடித்தது. குடியால் வந்த நடுக்கம் என்று ஒரே வரியில் எழுதி அனுப்பிவிட்டார்கள்.

"இந்தத் தடவை அவங்க வாயில அந்த வார்த்தையே வரக் கூடாது" என்றார் சார்ஜன்ட். "ஒரு சொட்டுத் தொடக் கூடாது, கரண்டி. முடி வெட்டிக்கணும். ஷேவ் பண்ணணும். சட்டை இஸ்திரி போட்டு வரணும். உள்ள போனா பட்டாளத்துக்காரன் மாதிரி நிமிந்து நிக்கணும். கூனிக் குறுகி நின்னா குடிகாரன்னுதான் நினைப்பாங்க."

"சரிங்க சார்."

ஐம்பது நாள் அவன் குடிக்கவில்லை. அது எப்பேர்ப்பட்ட ஐம்பது நாள் என்பது அவன் மனைவிக்குத்தான் தெரியும். சார்ஜன்ட் தினமும் சாயங்காலம் போய்ப் பார்த்தார். கடையின் பின்பக்கம் அவனை நிற்க வைத்துப் பழக்கினார். தோளை நிமிர்த்து, மோவாயைத் தூக்கு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல். நாளாக ஆக அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அக்காவே அவனுக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தாள்.

பரிசோதனை அன்று அவன் மனைவி கேட்டாள். "அண்ணே, நானும் உள்ள வரட்டுமா? அவரா எதையும் சொல்ல மாட்டாரு."

"வேணாம்மா. பொம்பள கைய புடிச்சிட்டு வந்திருக்கான்னு நினைப்பாங்க. நான் கூட இருக்கேன்ல."

அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்தவர் சீருடையில் இருந்தார், கர்னல். கதவைத் தாண்டி நான்கு அடி வைத்த கரண்டி அந்தத் தோள்பட்டை நட்சத்திரங்களைப் பார்த்தான். குதிகால்கள் இரண்டும் சடாரென்று சேர்ந்தன. கைகள் கால்சட்டையின் தையலோடு ஒட்டிக்கொண்டன. கதவோரம் நின்ற சார்ஜன்ட் அந்தக் கைகளைப் பார்த்தார். அவை உதறவில்லை.

"கையை முன்னால நீட்டு."

நீட்டினான். பலகை மாதிரி நின்றது.

"தூக்கம் எப்படி?"

"நல்லா இருக்கு சார்!"

"சாப்பாடு?"

"நல்லா இருக்கு சார்!"

"ஏதாவது குறை?"

"ஒண்ணும் இல்ல சார்!"

அணிவகுப்பில் மேலதிகாரி கேட்டால் சொல்ல வேண்டிய பதில்கள் அவை. பதினாறு வருடம் அவனுக்குள் அடித்து இறக்கிய பதில்கள். சார்ஜன்ட் ஓரடி முன்னால் வந்தார். "சார், இவரு நிஜத்துல..." என்று ஆரம்பித்தார்.

"கூட வந்தவர் பேசக் கூடாது" என்றார் கர்னல், தலையைத் தூக்காமலே.

சார்ஜன்ட் வாயை மூடிக்கொண்டார். மூடிக்கொண்ட பிறகுதான் கவனித்தார், தானும் பொய்க்காலை இழுத்து ஒட்டவைத்து விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்.

எல்லாம் ஆறு நிமிடத்தில் முடிந்தது. வெளியே வந்ததும் கரண்டி சுவரில் சாய்ந்தான். தோளிலிருந்து விரல் நுனிவரை உதறத் தொடங்கியது. பற்கள் தந்தியடித்தன. மனைவி ஓடி வந்து இரண்டு கைகளையும் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"சரியா நின்னேனா சார்?" என்று கேட்டான்.

சார்ஜன்ட் திரும்பிப் போய்க் கதவைத் தட்டினார். அடுத்த ஆள் உள்ளே போயாயிற்று என்றான் கதவருகே இருந்த பியூன். சாப்பாட்டு வேளைவரை காத்திருந்து, கர்னல் வெளியே வந்ததும் குறுக்கே போய் நின்றார். "ஒரு நிமிஷம் சார், இப்ப இவன் கையப் பாருங்க." கர்னல் திரும்பிப் பார்த்தார். அவர் பார்வை பட்ட அதே நொடியில் கரண்டி மறுபடி விறைத்து நின்றான். கர்னல் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

நடுக்கம் இல்லை, உடல் தகுதி முழுமை என்று கடிதம் வந்தது. மறுபரிசீலனைக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

கரண்டி கோபப்படவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட சார்ஜன்ட்டுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "நீங்க என்ன சார் பண்ணுவீங்க" என்றான். மேல்முறையீட்டு மனு எழுதினார் சார்ஜன்ட். வாரா வாரம் அவன் வீட்டுக்குப் போனார். ஒரு நாள் அவன் மனைவி வாசலிலேயே அவரை நிறுத்தினாள். உள்ளே கேட்டுவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"தப்பா நினைக்காதீங்க அண்ணே. இனிமே வராதீங்க. உங்க செருப்புச் சத்தம் கேட்டாலே எந்திரிச்சு நின்னுடறாரு. நீங்க போற வரைக்கும் கல்லு மாதிரி இருக்காரு. அப்புறம் மூணு நாள் எந்திரிக்கவே மாட்டேங்கறாரு. ஒண்ணுக்குகூட நான்தான் கூட்டிட்டுப் போறேன்."

சார்ஜன்ட் தலையை ஆட்டினார். அவள் கதவைச் சாத்தும்வரை நின்றுவிட்டுத் தெருவில் இறங்கினார். எத்தனையோ கதவுகளிலிருந்து அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இந்தக் கதவு மாதிரி எதுவும் வலித்ததில்லை.

கடிதம் வந்த ஏழாவது மாதம், கரண்டி வீட்டுத் தெருவில் ஒரு லாரியிலிருந்து இரும்புக் கம்பிகளை மொத்தமாகத் தள்ளி இறக்கினார்கள். அவன் வீட்டிலிருந்து ஓடிவந்து அந்த லாரிக்கு அடியிலேயே புகுந்துகொண்டான். மாலைவரை யார் கூப்பிட்டும் வெளியே வரவில்லை. நாலு பேர் சேர்ந்து இழுத்து மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. மனைவியையும் அடையாளம் தெரியவில்லை. மருத்துவக் குழு இந்த முறை வார்டுக்கே வந்து பார்த்தது. நூறு சதவீத ஊனம் என்று எழுதிக் கொடுத்தது.

அந்தத் தாளைச் சார்ஜன்ட்தான் அவளிடம் கொண்டுபோனார். கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் கேட்டாள்.

"அன்னிக்கு உள்ள நீங்க ஏன் அண்ணே பேசல?"

"பேசக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கம்மா."

"சொன்னாங்க" என்றாள் அவள்.

ஒன்பது நாள் சார்ஜன்ட் கடைப் பக்கம் வரவில்லை. கடையை ஒட்டிய உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். பொய்க்காலைக் கழற்றி மூலையில் போட்டிருந்தார். வந்தவர்களை அக்காவே திருப்பி அனுப்பினாள். பத்தாம் நாள், கண் போன ஒரு டிரைவரை அவர் மனைவி கூட்டி வந்திருந்தாள். "அவன் இனிமே பார்க்க மாட்டான்மா" என்று அக்கா சொல்வது உள்ளே கேட்டது. "அப்ப நாங்க எங்கம்மா போறது? மூணு பஸ் மாறி வந்திருக்கோம்" என்றாள் அந்தப் பெண். அழவில்லை, நிஜமாகவே வழி கேட்டாள்.

சார்ஜன்ட் எழுந்து காலை மாட்டிக்கொண்டு வந்தார். டிரைவர் பேச வாயெடுத்தார். "நீங்க இருங்க" என்று அவரைக் கையமர்த்திவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. வீட்ல எப்படி இருக்காரு?"

அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போனார். ஐந்து பக்கம் வந்தது. முன்பெல்லாம் மனு எழுதி முடித்தால் ஒரு நிறைவு இருக்கும். இப்போது அது வரவில்லை. அந்த மனுவும் இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. மறுபடி எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். வார்டுக்குள் போவதில்லை. படியருகே செருப்பைக் கழற்றிவிட்டு, வராந்தாவில் தூண் மறைவாக நின்றுகொள்வார். அங்கிருந்து பார்த்தால் கட்டிலின் கால்மாடும், போர்வைக்குள் அசைகிற பாதங்களும் தெரியும். நர்ஸ் வெளியே வந்தால் கேட்பார்.

"சாப்பிட்டாரா?"

"ரெண்டு வாய் சாப்பிட்டாரு. உள்ள வாங்களேன் சார், ஏன் இங்கேயே நிக்கிறீங்க?"

"இல்லம்மா, பரவாயில்ல" என்பார் சார்ஜன்ட். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடப்பார்.