தறியை ஏன் நிறுத்தினாய்?

கழுத்தை நெரிக்க வந்தவனை ஒரு பெண் கொன்றுவிட்டால், அதற்குப் பிறகு அவள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது கோர்ட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அலற வேண்டும். வாசலுக்கு ஓட வேண்டும். தலைமுடி அவிழ்ந்து தெருவில் விழுந்து புரள வேண்டும். என் கட்சிக்காரி மலர்விழி இதில் எதையும் செய்யவில்லை. ஓடிக்கொண்டிருந்த தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினாள்.

குமாரபாளையத்தில் ஜெகதீஸ்வரனின் விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்தவள். சாயங்காலம் மற்றவர்கள் டீ குடிக்கப் போகும்போது ஒருத்தர் மட்டும் உள்ளே இருந்து எல்லார் தறியையும் பார்த்துக்கொள்வது அங்கே வழக்கம். அன்று மலர்விழியின் முறை. முதலாளியின் மச்சினன் முருகானந்தம் குடித்துவிட்டு உள்ளே வந்தான். கையைப் பிடித்து இழுத்தான். உதறியதும் ஓரச் சுவரில் அவளைச் சாய்த்துக் கழுத்தை நெரித்தான். அவள் கைக்கு ஸ்பேனர் அகப்பட்டது. ஒரே அடி. விழுந்தவன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் செத்தான். அவன் செத்ததில் எனக்கு ஒரு சொட்டு வருத்தமும் கிடையாது. இதை நான் கோர்ட்டில் சொல்லவில்லை.

சட்டம் அவள் பக்கம்தான் இருந்தது. உயிர் போய்விடும் என்றோ, பலாத்காரம் செய்துவிடுவான் என்றோ நியாயமாகப் பயப்படுகிறவர், தாக்குகிறவனைக் கொன்றாலும் குற்றமில்லை. ஆனால் அப்படி ஒரு பயம் இருந்தது என்பதை நாம்தான் காட்ட வேண்டும். எதை வைத்துக் காட்டுவது? கூடத்தில் கேமரா உண்டு. தறி ஓடுகிறதா என்று முதலாளி செல்போனில் பார்ப்பதற்காக மாட்டியது. அது தறிகளைப் பார்க்கும், ஓரச் சுவரைப் பார்க்காது. கழுத்திலிருந்த தடமோ, போலீசார் சாவகாசமாக டாக்டரிடம் காட்டுவதற்குள் மங்கிப்போயிருந்தது.

அரசு வக்கீல் பாலசுந்தரம் கேமராவில் பதிந்ததைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். "உயிருக்குப் பயந்தவங்க செய்யற வேலையா இது? ஒரு கூப்பாடு இல்லை, ஓட்டம் இல்லை. கோபத்துல அடிச்சிருக்காங்க, அடிச்சுட்டு வேலையைப் பாத்திருக்காங்க," என்றார். அவர் சொல்வதைக் கேட்டால் எனக்கே அப்படித்தான் தோன்றும்போல இருந்தது.

நான் அத்தாயியைக் கூண்டில் ஏற்றினேன். மலர்விழிக்கு அடுத்த தறியில் நிற்பவள், யாருக்கும் பயப்படாதவள்.

"தறிச் சத்தத்துல கத்துனா ஆருக்குங்க கேக்கும்? பக்கத்துல நிக்கறவகிட்டயே கையிலதான் சாடை காட்டுவோம். அத்தன தறியும் ஒண்ணா நின்னா என்னமோ ஆயிருச்சுன்னு அர்த்தமுங்க. டீயக் கீழ வெச்சுட்டு ஓடியாந்தோம்," என்றாள்.

நீதிபதி தலையாட்டிக்கொண்டே எழுதினார். பாலசுந்தரத்தின் முகம் தொங்கிப்போனது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. 'ஆள் வரட்டும் என்றுதான் நிறுத்தினேன்' என்று இனி மலர்விழி சொன்னால் போதும், அப்பன் இல்லாத தன் மகள் பிரீத்தியிடம் வீட்டுக்குப் போய்விடலாம். முந்தின நாள் நான் கேட்டபோதும் "ஆமாங்க, அதுக்குத்தானுங்க" என்றுதான் சொன்னாள்.

நீதிபதி நல்ல மனிதர். அன்பாகத்தான் கேட்டார்.

"ஏம்மா, தறியை ஏன் நிறுத்தினே?"

இதே கேள்வியைக் கூடத்தில் முதலாளி கேட்பான். ஒரு தறி நின்றால் போதும், உடனே போன் வரும். தகுந்த காரணம் சொல்லாவிட்டால் அத்தனை பேர் முன்னாலும் கிழிகிழியென்று கிழிப்பான். அந்த ஜெகதீஸ்வரன் இப்போது வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். மலர்விழியின் கண் நீதிபதியை விட்டு அவனிடம் போனதைப் பார்த்தேன்.

அவள் கையைக் கட்டிக்கொண்டாள். "நூல் அறுந்துபோச்சுங்க. ஓட உட்டா துணி டேமேஜ் ஆயிருமுங்க."

"எல்லாத் தறியிலயுமா அறுந்துச்சு?"

"ஒண்ணுலதானுங்க. மத்ததையும் ஆளில்லாம ஓட உடக்கூடாதுங்க. எல்லாரும் என்னை நம்பித்தான உட்டுட்டுப் போனாங்க."

"அப்ப முருகானந்தம் எப்படி இருந்தார்?"

"கீழ கெடந்தாருங்க. மூச்சு இருந்துச்சுங்க."

பாலசுந்தரம் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

பத்து வருஷம் கிடைத்தது. ஏதோ தகராறில் ஆத்திரப்பட்டு அடித்திருக்கிறாள், பயந்ததற்கான அறிகுறி எதுவும் அவள் நடத்தையில் இல்லை என்று தீர்ப்பில் எழுதியிருந்தது. ஜெகதீஸ்வரன் போகிற போக்கில் என் பக்கத்தில் நின்றான். "நல்ல வேலைக்காரிங்க. இவளாட்டம் இனி ஒருத்தி கெடைக்க மாட்டா," என்றான். செருப்பைக் கழற்றி அடிக்கலாம்போல இருந்தது. ஆனால் அதற்குச் சட்டத்தில் இடமில்லை.

வேனில் ஏற்றுவதற்கு முன் மலர்விழியைப் பிடித்துக்கொண்டேன். அழவேண்டியவள் அழாமல் நின்றாள்.

"அன்னிக்கு ஏன் புள்ள அப்படிச் சொன்னே? ஆள் கூப்பிடத்தான் நிறுத்தினேன்னு என்கிட்டச் சொன்னியே, அது பொய்யா?"

"பொய்யில்லீங்க. ரெண்டுக்குந்தானுங்க நிறுத்துனேன். ஆளக் கூப்பிடன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன்," என்றாள். "முதலாளி என்னையே பாத்துட்டிருந்தாருங்க. பயமாப் போச்சுங்க."