எட்டாவது கேள்வி

அந்த வீட்டில் இரண்டே பேர். அம்மாவும் மகளும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் இருவரும் விழித்த கண்ணோடு ஒரே வீட்டில் இருப்பார்கள். அந்த நேரத்திலும் மகளின் காதில் ஹெட்போன் இருக்கும்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. காலை பதினோரு மணிக்குக் கிளம்பினால், திரும்பி வரும்போது மகள் தூங்கிப்போயிருப்பாள். விடிவதற்கு முன் எழுந்து மகள் படிக்க உட்காரும்போது அம்மா அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருப்பாள். நடுவே கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் அம்மா சமைப்பாள், மகள் கணக்குப் போடுவாள். "சாப்பிட்டியா?" என்று அம்மாவின் உதடு அசையும், மகள் தலையாட்டுவாள். மிச்சப் பேச்செல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டில்தான். பால் வாங்கு. துணியை எடு. கதவைப் பூட்டு.

மகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் காலேஜ் திறக்கும் முன் ஆன்லைனில் ஒரு கணக்குத் தேர்வு. எழுபது மார்க் வாங்கினால் நேராக முதல் வருடம். ஒன்று குறைந்தாலும் அடிப்படை வகுப்பில் ஒரு வருடம் உட்கார வேண்டும், அந்த வருடத்துக்கு உதவித்தொகை கிடையாது. அதாவது காலேஜே கிடையாது. பள்ளிக்கூடத்திலோ கணக்கு டீச்சர் பாதியில் வேலையை விட்டுப் போனதில் கடைசி நான்கு பாடங்களை யாரும் தொடக்கூட இல்லை.

அதனால்தான் அந்த இலவசச் செயலி. மகளிடம் போன் இல்லை, பழைய டேப்லெட் ஒன்றுதான். அம்மாவின் நம்பரைக் கொடுத்து, அம்மாவின் போனிலேயே செயலியை இறக்கி, பெயர் கேட்ட இடத்தில் அம்மா கூப்பிடும் பெயரான 'வாலு' என்றே போட்டாள். பிறகு டேப்லெட்டில் அதே செயலிக் கணக்கைத் திறந்துகொண்டாள். அம்மாவின் போனில் அது இருப்பதையே மறந்துபோனாள்.

முதல் மூன்று வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. திரையில் ஒரு கை வரும், கோடு போடும், பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும். முகமே காட்டாத அந்தக் கையோடுதான் அவள் அதிக நேரம் இருந்தாள். "புரிந்ததா?" என்று அது கேட்டால், "ம்" என்று வெற்று அறையில் வாய்விட்டே பதில் சொல்வாள். வேறு யாரிடம் பேசுவது? பள்ளித் தோழிகள் ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டார்கள்.

நான்காவது வாரம் செயலிக்குக் கிறுக்குப் பிடித்தது. இன்று வகைக்கெழு வரை முன்னேறி மூடிவைத்தால், மறுநாள் காலை, "உங்களுக்குப் பின்னங்களில் பயிற்சி தேவை" என்று ஆறாம் வகுப்புக்குத் தள்ளியது. பல்லைக் கடித்துக்கொண்டு அத்தனையும் போட்டு மேலே வந்தாள். மறுநாள் மறுபடியும் அதே பின்னம். நாள்தோறும் இரண்டு மணி நேரம் இதற்கே போனது. தன் மூளைதான் மழுங்கிவிட்டது என்று நினைத்தாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வெளியே அழுதாலும் கேட்க ஆளில்லை, ஆனாலும் கதவைச் சாத்தினாள்.

தேர்வுக்கு ஐந்து நாள் இருக்கும்போதுதான் செயலியின் பதிவுப் பக்கம் கண்ணில் பட்டது. தினமும் மாலை 4:35க்குப் பத்துக் கேள்விகள். அவள் அந்த நேரத்தில் செயலியைத் தொடுவதே இல்லை. எவனோ உள்ளே புகுந்திருக்கிறான்!

அன்று கையும் களவுமாகப் பிடிக்க டேப்லெட்டோடு உட்கார்ந்தாள். சரியாக 4:35. முதல் கேள்விக்குப் பதில் விழுந்தது. இரண்டாவது. மூன்றாவது. ஏழு முடியும்வரை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எட்டாவது கேள்வி திறந்ததும் மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்றி, பாஸ்வேர்டை மாற்றினாள்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, டேப்லெட்டிலேயே அம்மாவின் அழைப்பு வந்தது. பின்னால் சலவை மெஷின்களின் இரைச்சல்.

"வாலு, அது என்னை வெளியே தள்ளிடுச்சுடி! இன்னும் மூணு பாக்கி இருக்கு!"

"நீயா? தினமும் நீயாம்மா?"

"'வாலு, இன்றைய பத்துக் கேள்விகள் பாக்கி'ன்னு தினமும் வருது. நீ விட்டுட்டுப் போயிடற. பாக்கி வெச்சா காலேஜ்ல மார்க்கக் குறைச்சுடுவாங்கல்ல? அதான் டீ நேரத்துல நானே..."

"எட்டாவது படிச்ச உனக்கு எதுக்கும்மா இந்த வேலை? நீ தப்புத் தப்பா போட்டதுக்கு நான் கீழ போயிட்டிருக்கேன். என் தலையில மண்ண அள்ளிப் போட்டுட்டியே! இனிமே என் விஷயத்துல தலையிடாத!"



"சரி கண்ணு. தொட மாட்டேன்."

தேர்வில் எழுபத்தாறு. மகள் ஃபிரிட்ஜ் கதவில் '76' என்று எழுதி ஒட்டினாள். மறுநாள் அதன் பக்கத்தில் பெரிதாக ஒரு டிக் இருந்தது. அந்தக் கோபத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. சீட்டில் எழுதுகிற விஷயமா அது?

ஹாஸ்டலில் இருவருக்கு ஓர் அறை. கூட இருக்கும் பெண் சனிக்கிழமை ஆனால் வீட்டுக்கு ஓடிவிடுவாள். வகுப்பில் பாடம் புரிந்தது. பேசத்தான் யாரும் அமையவில்லை. மெஸ்ஸில் தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போது, சாப்பிட்டாயா என்று கேட்க ஓர் உதடும் அசையவில்லை. ஹெட்போனை இப்போது அவள் மாட்டுவதே இல்லை.

ஒரு ஞாயிறு காலை, செய்வதற்கு எதுவும் இல்லாமல், பழைய செயலியைத் திறந்தாள். விரல் தானாகப் பதிவுப் பக்கத்துக்குப் போனது. 4:35, பத்துக்கு ஒன்று சரி. 4:35, பத்துக்கு ஒன்று. பத்துக்கு மூன்று. ஒரே கேள்வியை நான்கு நாள் தப்பாகப் போட்டு ஐந்தாம் நாள் சரி. பத்துக்கு ஐந்து. கடைசி நாளில் ஏழுக்கு ஏழு. எட்டாவதின் எதிரே 'முடிக்கப்படவில்லை' என்று இருந்தது.

அன்று ஏழு பதில்கள் விழுந்ததைக் கண்ணால் பார்த்தாளே, ஒன்றாவது சரியா என்று பார்த்தாளா? அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, உனக்குத் தனியா அதே ஆப்ல ஒரு கணக்கு ஆரம்பிச்சுத் தரேன். நீயே படி."

"எனக்கு எதுக்குடி அதெல்லாம்?" அம்மா சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "'வாலு இன்று நாற்பது கேள்விகள் முடித்தார்'னு அது சொல்லும். வீட்டுல நீ காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருப்ப. உன்னப் பத்தி எனக்கு அதுதான் சொல்லுச்சு. அதனால அது கேட்டதுக்கெல்லாம் பதில் போட்டேன். இப்ப அதுல நீயே இல்லையே."

மகள் மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டிருந்தாள். கேட்கத் தெரியவில்லை. திரையில் அந்த எட்டாவது கேள்வி இன்னும் திறந்தே இருந்தது.

"அம்மா, மூணுல ரெண்டையும் நாலுல ஒண்ணையும் கூட்டினா எவ்வளவு?"

அந்தப் பக்கம் ஒரு டிராயர் திறக்கும் சத்தம். பேப்பரில் பென்சில் உரசும் சத்தம். ஒரு தரம் அம்மா அழித்தாள், திரும்ப எழுதினாள். மகள் டேப்லெட்டில் காதை அழுத்தி வைத்துக்கொண்டு அத்தனையும் கேட்டாள்.

"பன்னெண்டுல பதினொண்ணு," என்றாள் அம்மா. "சரியா?"

"சரிம்மா."

"இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு. கேளு."