சிபாரிசு செய்தவர் நாற்காலி

திகில் படம் பார்க்க எங்களுக்கு ராத்திரி தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், மைசூர் சரஸ்வதிபுரத்தில் யதுநந்தன் வீட்டு மாடி அறையில், ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டுப் பார்ப்போம். நான் ராத்திரி ஷிப்டை விட்டு நின்றவன். வெளிநாட்டுக்காரர்கள் கத்துவதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டு, குரலில் மட்டும் சிரிப்பை வைத்துப் பேசுகிற வேலை. ஒருநாள் சிரிப்பு வரவில்லை, எழுந்து வந்துவிட்டேன். தூக்கம் இன்னும் திரும்பவில்லை. பகலில் இருட்டாக்கிய அறை எனக்கு ஒத்துப்போனது.

எங்களுக்குப் பிடித்தது ஒரே வகைப் படம்தான். பங்களாப் பேய், தானாகத் திறக்கிற கதவு எல்லாம் வேண்டாம். ஒரு ஊர் இருக்க வேண்டும். அந்த ஊருக்கு ஒரு சாமி, ஒரு வழக்கம், ஒரு திருவிழா. வெளியூர்க்காரன் ஒருவன் வருவான். எல்லோரும் சிரித்த முகமாகச் சோறு போடுவார்கள். அவன் கை கழுவும்போது அவனுக்கும் நமக்கும் விஷயம் புரியும். உலகத்தில் எந்த மூலையில் இப்படி ஒரு படம் வந்தாலும் நாங்கள் நான்கு பேரும் தேடிப் பிடித்துவிடுவோம்.

எங்களிடம் ஒரு விதி உண்டு. படத்தைச் சிபாரிசு செய்தவர் திரையைப் பார்க்கக் கூடாது. திரைக்குப் பக்கத்தில் ஒரு பிரம்பு நாற்காலி. அதில் எங்களைப் பார்த்து உட்கார வேண்டும். படம் முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது. யார் பயந்தார்கள், யார் கொட்டாவி விட்டார்கள், யார் போனைத் தொட்டார்கள் என்று கவனித்துக் கடைசியில் சொல்ல வேண்டும். வாயால் சொல்கிற விமர்சனம் பொய், முகம் பொய் சொல்லாது என்பது யதுநந்தனின் கட்சி. விதியைக் கொண்டுவந்ததும் அவன்தான்.

அன்று தமிழ்ப்ரியாவின் முறை. அவள் கௌதள்ளிக்காரி, எல்லையோரத் தமிழ்க் கிராமம். மைசூரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறாள். மாடிக்கு வருவதற்கு முன்பே என்னை முனைக் கடைக்குக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தாள்.

"செந்திலண்ணா, ஒண்ணு சொல்றனுங்க. யாருகிட்டயும் சொல்லிறாதீங்க."

"சொல்லு."

"அடுத்த ஞாயித்துக்கிழம எங்கூர்ல நோம்பி, கெடா வெட்டுவாங்க. யது வர்றேன்னு சொல்லியிருக்குது. எங்கய்யன்கிட்ட நேரா உக்காந்து பொண்ணு கேக்குதாம்."

இருவரும் பழகுவது எனக்குத் தெரியும். இவ்வளவு தூரம் வந்திருப்பது தெரியாது.

"யதுவோட அம்மா?"

"லக்ஷ்மம்மா ஒத்துக்கிட்டாங்க. எனக்கு அவங்க மேல சந்தேகம் இல்லீங்க. யது மேலதான்." டம்ளரை வைத்தாள். "சாப்பாடெல்லாம் ஒரு விசயமா, நீ உன்து சாப்பிடு, நான் என்து சாப்பிடறேன்னு சொல்லுது. வாய்ல சொல்லுதுங்க. நான் மூஞ்சியப் பாக்கோணும். வரச்சொல்றதா வேண்டாமான்னு இன்னிக்கு முடிவு பண்ணோணும்."

அன்றைய படத்தை அவள் ஊர்ப் பக்கத்து ஆட்கள்தான் எடுத்திருந்தார்கள். பெயர் 'கெடாத் தண்ணி'. கௌதள்ளித் திருவிழாவிலேயே கொஞ்சம் படம் பிடித்திருக்கிறார்கள். அதில் அவள் அம்மா வருகிறாள் என்றாள். அது யதுநந்தனுக்குத் தெரியாது. அவன் அவள் வீட்டுக்குப் போனதில்லை. அவள் அம்மாவைப் போட்டோவில்கூடப் பார்த்ததில்லை.

மாடியில் ஸ்மிதா ஏற்கெனவே சண்டையை ஆரம்பித்திருந்தாள். அவள் யதுநந்தனின் சித்தப்பா பெண். என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள்.

"போன வாரம் குடுத்தியே செந்திலு, உப்பளத்துப் படம். அதுல பயந்தது கேமரா பிடிச்சவன் மட்டும்தான். அதான் அந்த ஆட்டம் ஆட்டியிருக்கான்."

"மெதுவா ஏறுற படம் அது."

"ஏறி முடியறதுக்குள்ள எனக்குப் பேரனே பொறந்துடுவான்."

"அத விடு குரு," என்றான் யதுநந்தன். சிநேகிதர்கள் எல்லோரும் அவனுக்குக் 'குரு'தான், காலேஜில் ஒட்டிக்கொண்ட கன்னடம். "மழைக்காக மணி அடிக்கற ஊர் ஒண்ணு இருக்கு, பாத்தியா? சக்கத்துப் படம், பிரமாதம். கடைசில மணியத் திருப்பிப் பாத்தா உள்ள நாக்குக்குப் பதிலா..."

"ஐயோ, சொல்லாதே! கெடுத்துடுவானே பாவி!" ஸ்மிதா தலையணையால் அடித்தாள்.

தமிழ்ப்ரியா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். கீழேயிருந்து லக்ஷ்மம்மா கொடுத்தனுப்பிய கோடுபளே ஒரு தட்டு நிறைய இருந்தது. முறுக்கு மாதிரி, ஆனால் வளையம் வளையமாக, காரமாக இருக்கும். படம் பார்க்கும்போது யதுநந்தன் அதைக் கடிக்கிற சத்தம்தான் எங்கள் பின்னணி இசை. எவ்வளவு ரத்தம் வந்தாலும் அவன் வாய் நின்றதில்லை. அவனுக்கு அதில் பெருமை.

லேப்டாப் என் மடியில் இருந்தது. ஓட விட்டேன்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. கெடாவை வெட்டுவதற்கு முன்னால் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கெடா உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். உதறினால் சாமி சம்மதித்தது என்று அர்த்தம். உதறாவிட்டால் வெட்ட மாட்டார்கள், காத்திருப்பார்கள். படம் இதைத்தான் எடுத்துக்கொண்டிருந்தது. நிலம் அளக்க வந்த ஒரு சர்வேயரை ஊர் எல்லையில் நிற்க வைத்து, மரியாதை என்று சொல்லித் தலையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுகிறார்கள். அவன் சிலிர்க்கிறான். சுற்றி நிற்கிறவர்கள் மூச்சு விடுகிறார்கள். அவ்வளவுதான் காட்சி. ஸ்மிதா காலை மடக்கிக்கொண்டாள். எனக்கும் முதுகில் ஏதோ ஓடியது.

"அப்பா, என்ன யோசனைடா," என்று சொல்லிக்கொண்டே யதுநந்தன் இன்னொரு கோடுபளே எடுத்தான்.

சர்வேயரின் கழுத்து அறுபட்டபோதும் கடித்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு மறுநாள் காலை. படத்தில் இந்தப் பகுதி நடிப்பு இல்லை, நிஜத் திருவிழாவில் எடுத்தது. வெயில். வேப்பமரத்தடியில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கெடாக்கறி சுத்தம் செய்கிறார்கள். ஒருத்தி குடலைத் திருப்பித் திருப்பித் தண்ணீர் விட்டுக் கழுவுகிறாள். முழங்கைவரை ஈரம். பக்கத்தில் யாரோ ஏதோ சொல்ல, வாய் விட்டுச் சிரிக்கிறாள். கேமராவைப் பார்த்து, "ஏ சாமி, தள்ளி நில்லுப்பா, சட்டையில தெறிச்சிரும்" என்கிறாள். தமிழ்ப்ரியாவுக்கும் அதே முன்பல், அதே தாடை.

யதுநந்தன் பாதி கடித்த கோடுபளேயைத் தட்டில் திருப்பி வைத்தான். விரல்களைப் பேண்டில் துடைத்தான். மேலுதடு ஒரு பக்கம் ஏறி இறங்கியது.

"தள்ளி ஓட்டு குரு. இத சும்னே நீட்டறான், தேவையில்லாம."

நான் தமிழ்ப்ரியாவைப் பார்த்தேன். அவள் பேசக் கூடாது. தலையை மட்டும் இல்லை என்று அசைத்தாள். நான் ஓட்டவில்லை. அந்தப் பெண் கழுவி முடித்து, குடத்தைக் கவிழ்த்து, புடவையில் கை துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். யதுநந்தன் அதுவரை போர்வையின் ஓரத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

படம் முடிந்ததும் ஸ்மிதா போர்வையை அவிழ்த்தாள்.

"தண்ணி ஊத்தற சீன் ஒண்ணு போறும்," என்றான் யதுநந்தன். "இந்த வருஷத்துல நாம பாத்ததுல இதான் மேல. சாப்பாட்டு சீன மட்டும் வெட்டியிருக்கலாம். பயமுறுத்தணும்னா பயமுறுத்து, அருவருப்பு எதுக்கு?"

"எனக்கு அதான் பிடிச்சுது," என்றாள் ஸ்மிதா. "அவ்ளோ கொடுமை நடந்தப்புறம் அந்தம்மா பாட்டுக்குச் சிரிச்சுண்டு வேலையப் பாக்கறா."

"ஐயோ, அந்தம்மாவா! குரு, கனவுல வருவா."

"தமிழ், உன் தீர்ப்பச் சொல்லு," என்றாள் ஸ்மிதா. "யார் பயந்தா?"

தமிழ்ப்ரியா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. "நீ தண்ணி ஊத்தறப்போ பயந்த. செந்திலண்ணனும் அங்கதான். யது கடைசில."

"கடைசிலயா? நான் எங்க பயந்தேன்?"

"எங்கம்மா வந்தப்போ."

முதலில் அவனுக்குப் புரியவில்லை. பிறகு, நான் மூடி வைத்த லேப்டாப்பைப் பார்த்தான்.

"சொல்லியிருக்கலாமே, ப்ரியா."

"சொல்லியிருந்தா மூஞ்சியத் தயார் பண்ணிக்கிட்டு உக்காந்திருப்ப."

"எனக்குப் பழக்கமில்ல. எங்காத்துல முட்டைகூட வந்ததில்ல. உனக்கே தெரியும். இது உன் அம்மா பத்தி இல்ல."

"மனுசன் கழுத்த அறுக்கறப்போ தின்னுக்கிட்டிருந்த. எங்கம்மா குடல் கழுவறப்போ வெச்சிட்ட."

"அது நடிப்பு, இது நிஜம்."

"ஆமா. நான் நிஜத்துக்குத்தான கூட்டிட்டுப் போறேன்."

அவன் பாதி கடித்த கோடுபளேயைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினான். கெட்டவன் இல்லை அவன். சமாளிக்கத் தெரியாதவனும் இல்லை. வேண்டுமானால் அந்த நிமிஷமே ஒரு நல்ல பொய் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை.

"என் கை தானா வெச்சுது," என்றான். "நான் வெக்கல."

"அதத்தான் பாக்க வந்தேன்."

"கெடா மேல ஊத்தற மாதிரி ஊத்திட்டே."

"விதி உன்துதான்."

எனக்கு அது நியாயமாகப் படவில்லை. தானாக அசைகிற கைக்காக ஒருவனைத் தண்டித்தால் யாரும் தேற மாட்டார்கள். என் ராத்திரி வேலையில் முகத்தை யாரும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் முதல் வாரமே துரத்தியிருப்பார்கள். இதைப் படி இறங்கும்போது அவளிடம் சொன்னேன்.

"இருக்கலாமுங்க," என்றாள். "ஆனா எங்கம்மா அந்த மூஞ்சிய வருசம் பூராப் பாக்கோணும். அம்மாளுக்குத் தெரியாம இருக்காது. ஒண்ணுமே சொல்லாது. எலை போடறப்போ எட்டி நின்னு போடும், அவ்ளோதான்."

கேட்டுக்கு வெளியே யதுநந்தன் பின்னாலேயே வந்தான். செருப்புப் போடவில்லை.

"ஞாயித்துக்கிழமை வர்றேன். கத்துக்கறேன், ப்ரியா."

"வேண்டாமுங்க," என்றாள். அவனிடம் அவள் 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "எங்கம்மாளப் பாக்கறதுக்குக்கூடக் கத்துக்கோணுமாங்க?"

திருவிழாவுக்கு அவள் தனியாகத்தான் போனாள். அன்று யதுநந்தன் என் அறைக்கு வந்து மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தான். பைக் சாவி கையிலேயே இருந்தது. கிளம்புகிறாயா என்று நான் கேட்கவில்லை. அவனும் கிளம்பவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் மாடிக்கு வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தாள். நல்ல படங்களை விட்டுவிட அவளுக்கு மனமில்லை என்றுதான் நினைக்கிறேன். யதுநந்தனின் முறை. மணி அடிக்கிற ஊர்ப் படத்தைப் போட்டான். பிரம்பு நாற்காலியில் எங்களைப் பார்த்து உட்கார்ந்தான். எங்களை என்ன, அவளைத்தான். இரண்டு மணி நேரம் வேறெங்கும் பார்க்கவில்லை.

அவள் தட்டிலிருந்து கோடுபளே எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தாள். மணியைத் திருப்புகிற இடத்தில் மெல்லுவது நின்றது. பிறகு மறுபடி மென்றாள். ஒரு தடவைகூட அவன் பக்கம் கண் போகவில்லை.

"தீர்ப்பு?" என்று கேட்டாள் ஸ்மிதா.

யதுநந்தன் தொண்டையைச் செருமினான். "மூணு பேரும் பயந்தீங்க. போனை யாரும் தொடல."

"நல்ல படமுங்க," என்றாள் தமிழ்ப்ரியா. தட்டை எடுத்து அவன் பக்கம் நீட்டினாள்.

கடைசிக் கோடுபளே ஒன்று இருந்தது. அவன் எடுத்துக் கையிலேயே வைத்திருந்தான்.