மாத்தேரான் பஸ்

மாலையைச் சார்த்திவிட்டு நிமிர்வதற்குள் பேச்சிராஜா இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். ஊர்ச் சங்கத் தலைவர். கல்யாணத்துக்கும் சாவுக்கும் அதே வெள்ளைச் சட்டை, தோளில் அதே கை ஒலிபெருக்கி. விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து, இப்போது ஐஸ் பெட்டிக்குள் கிடக்கும் பிரம்மநாயகம் அவர் பேச்சை இருபது வருடம் கேட்டவர். இன்றுதான் கொட்டாவி விடாமல் கேட்டார்.

"அன்னாரின் இழப்பு ஈடு செய்ய இயலாதது" என்று முடித்த தலைவர், பிரம்மநாயகத்தின் மகள் விஜயராணியின் காதருகே குனிந்தார்.

"பன்னெண்டுக்குள்ள எடுத்துரலாமா தாயி? ரெண்டு மணிக்கு பஸ்ஸு. இருட்டுக்கு முன்னால மாத்தேரான் மலை ஏறணும்."

"தம்பி சூரத்துலேர்ந்து வரணும் அண்ணாச்சி. நாலு மணி ஆவும். குளிப்பாட்ட நீர்மாலை மவன்தான எடுக்கணும்?"

"சித்தப்பா மவன் எடுக்கட்டும், அட்ஜஸ்ட் பண்ணும்மா. ரூம் போட்டாச்சு, இனி கேன்சல் ஆவாது."

"எங்கப்பா மட்டும் உங்ககிட்ட டைம் கேட்டுட்டா செத்தாரு?"

துக்கத்துக்கு வந்த ஆண்களில் பாதிப்பேர் காலில் புது கேன்வாஸ் ஷூ. ஒருவர் வெயில் தொப்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தார். விஜயராணி வாசலுக்கும் பெட்டிக்குமாக நடந்தாள். இவர்கள் போய்விட்டால் தூக்குவதற்கு நாலு தோள் தேறாது.

சுவரில் சங்கத்தின் நோட்டீஸ்: பூங்கா, சார்லட் ஏரி, எக்கோ பாயிண்ட், குதிரைச் சவாரி. வேலை பார்த்த லெதர் பட்டறையைத் தாண்டி எங்கும் போகாத அப்பா ஒரு மாதமாக அதை மனப்பாடம் செய்தார். முந்தாநாள் அம்மாவுக்கு ஒத்திகைகூட நடந்தது.

"பஸ்ஸுல பேரு வாசிப்பாவ. 'உள்ளேன்'னு சத்தமா சொல்லணும், கேட்டியா. வாய்க்குள்ள முனங்கினா விட்டுட்டுப் போயிருவாவ."

"பூங்கால போயி என்ன செய்ய?"

"உக்காரணும். வேற ஒண்ணும் செய்யாண்டாம்."

இரண்டு மணிக்குத் தம்பியின் ரயில் பால்கர்கூடத் தாண்டவில்லை. ஷூக்கள் ஒவ்வொன்றாகச் சந்திலிருந்து நழுவின.

"எங்க மனசெல்லாம் இங்கதான் இருக்கும் தாயி" என்றார் பேச்சிராஜா. மனசு பாடை தூக்காது என்று சொல்ல வாயெடுத்து, விஜயராணி விட்டுவிட்டாள்.

கூப்பிடு தூரத்தில், சந்து முனையில் நின்ற பஸ்ஸில், ஒலிபெருக்கி கரகரத்தது. பட்டியலில் எந்தப் பெயரையும் அடித்துவிட யாருக்கும் தோன்றவில்லை போலும்.

"பதினாறு, பிரம்மநாயகம்."

வாசித்த வேகத்தில் தலைவர் அடுத்ததற்கும் போய்விட்டார்.

"பதினேழு, ஆறுமுகத்தாய்."

காலையிலிருந்து வாய் திறக்காத அம்மா, பெட்டியருகே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உள்ளேன்!"

சத்தமாகத்தான் சொன்னாள். முனங்கவில்லை.

பதினெட்டு வரவேயில்லை. கொஞ்ச நேரத்தில் பஸ்ஸின் இன்ஜின் நின்றது. விஜயராணி எட்டிப் பார்த்தபோது, வாசலில் ஒருவர் குனிந்து, புது ஷூவின் இறுகிய முடிச்சை அவிழ்க்க மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.