ஓரம் தேய்த்த கண்ணாடி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மண்சரிவை ஆராயும் வேலைக்கு அது தேவையே இல்லை. கூடவே பிறந்துவிட்டது, என்ன செய்ய?

மலையடிவாரத்தில் வரிசையாகப் பதினோரு வீடுகள். மூன்றாவது வீடு என் அக்காவுடையது. ஒன்பது மாதம் முன்பு அங்கே சுவர்களில் விரிசல் விட்டபோது, மலைச்சரிவு நகர்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு எங்கள் ஆய்வு நிலையத்துக்கு வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டினேன். விரிசல் மயிரிழை அகன்றாலும் கண்ணாடி உடைந்துவிடும். எளிமையான வேலை, ஏமாற்றாத வேலை.

ஒட்டி முடித்ததும் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, "யாராவது இதுல கை வச்சீங்க, தொலைச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாதம் ஒருமுறை போவேன். எட்ட நின்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். பதினொன்றும் முழுசாக இருக்கும். மேலே சரிவில் புதைத்திருந்த குழாய்க் கருவி மட்டும் மண் நகர்கிறது என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. கருவியில்தான் கோளாறு என்று முடிவுகட்டினேன். மழைக்காலத்தில் மக்கள் அங்கேயே இருக்கலாம் என்று அறிக்கை தயார், கையெழுத்துதான் பாக்கி. மறுநாள் கனமழை என்று எச்சரிக்கை வந்ததால், எதற்கும் ஒரு எட்டு பார்த்துவிடலாம் என்று காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன்.

கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அன்று என்னவோ கிட்டப் போய் அதன் ஓரத்தைத் தடவினேன். நான் வெட்டிய துண்டுகள் கையைக் கிழிக்கும். ஒட்டிய அன்று இரண்டு விரலில் ரத்தம். இதுவோ வழவழவென்று இருந்தது. இவ்வளவு நேர்த்தியாக ஓரம் தேய்க்க அந்த வீட்டில் ஒருவரால்தான் முடியும். அக்காவின் கணவர், என் மாமா, படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறார்.

"மாமா, இது நான் வச்ச கண்ணாடி இல்லையே?"

மாமாவின் முகம் சுண்டிப்போனது. அக்கா முந்திக்கொண்டாள்.

"அவரைத் திட்டாதடி. ஒட்டடை அடிக்கும்போது நான்தான் இடிச்சிருப்பேன். உனக்குத் தெரிஞ்சா ஆடித் தீர்த்துடுவியேன்னு அவர் புதுசு வச்சாரு."

"எத்தனை தடவை?"

"அஞ்சு தடவை" என்றார் மாமா. "மொதல்ல நாலு மாசம் தாங்குச்சு. அப்புறம் ரெண்டு மாசம். போன வாரம் வச்சது மூணு நாள்கூட நிக்கல. அதான் நேத்து கொஞ்சம் கனமான கண்ணாடியா பார்த்து வச்சேம்மா."

அது உடைவதற்காகத்தான் இருக்கிறது என்று இந்த மனிதர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறேனா? மிரட்டியதோடு சரி.

"உடையட்டும்னுதான் மாமா வச்சேன். உடைஞ்சா வீட்டுக்கு அடியில மண்ணு நகருதுன்னு அர்த்தம். தப்பு உங்க மேல இல்ல, என் மேலதான்." அதற்குமேல் பேச முடியாமல் அழுகை வந்துவிட்டது.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "மத்த பத்து வீட்டுல அப்படியேதானே இருக்கு?" என்றாள். எனக்கும் அந்த நப்பாசைதான்.

மாமா தரையைப் பார்த்தார். "அதையும் நான்தான் மாத்தினேன். எல்லாரும் உனக்குப் பயந்துகிட்டு என்கிட்ட வந்தாங்க."

ஆய்வு நிலையத்துக்குப் போன் போட்டு, வீடுகளைக் காலி செய்ய உடனே வண்டிகள் வேண்டும் என்றேன். அக்கா அலமாரியைத் திறந்து துணிகளை அள்ள ஆரம்பித்தாள். "மலைக்குப் பயப்படறதை விட்டுட்டு உனக்குப் பயந்திருக்கோம் பாரு" என்றாள். மாமா வரிசையின் அந்தக் கோடி வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு வர ஓடினார். நான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அங்கே இருப்பவள் தையல்காரி. இடுப்பில் குழந்தையோடு கதவைத் திறந்தவள், என்னைக் கண்டதும் ஓரடி பின்னால் போனாள்.

"சத்தியமா நாங்க தொடல மேடம். காலையில பார்த்தா அதுவா உடைஞ்சு கிடக்குது."

"தெரியும்மா. நீங்க உடைக்கல. மலை நகருது, குழந்தையோட உடனே கிளம்புங்க."

அவள் முகத்தில் முதலில் தெரிந்தது நிம்மதி. பயம் அதற்கப்புறம்தான் வந்தது.